பச்சைத் துணிக் கொலு

கொளஞ்சி: அந்தப் பையத் தொடாதீங்க சிஸ்டர்.

பூங்கோதை: நான் எங்கண்ணே தொட்டேன்? அதுக்குப் பின்னாடி இருக்குற சலைன் பெட்டிதான் வேணும். படி கட்ட ஒண்ணு கொறையுது.

கொளஞ்சி: பெட்டிய நான் எடுத்துத் தரேன். நீங்க போயி பச்சத் துணிய விரிங்க.

பூங்கோதை: பைக்குள்ள என்னா இருக்குது? காலையிலேருந்து மருந்து குடுக்குற ஜன்னல வுட்டு நவுராம அடகாத்துக்கிட்டு இருக்கீங்க.

கொளஞ்சி: பொரி. பூசைக்கு வாங்கினது.

பூங்கோதை: பொரி அதோ தட்டுல கெடக்குது.

கொளஞ்சி: அது ஆஸ்பத்திரிக்கு. இது... வூட்டுக்கு.

பூங்கோதை: பொரி இம்மாம் கனமா இருக்குமா? நீங்க கீழ வெக்கும்போது டங்குன்னு சத்தம் கேட்டுது.

கொளஞ்சி: பார்மசிஸ்ட்டு பையில ஆயிரம் இருக்கும். நர்ஸம்மாவுக்கு எதுக்கு அந்த வெசாரண? துணிய இழுத்து வுடுங்க, கீழ்ப்படியில சுருக்கம் வுழுது.

பூங்கோதை: சுருக்கமெல்லாம் வுழாது. வீராயிக்கா தொவச்சு மடிச்ச துணி இது. பிரசவ வார்டுலேருந்து கழிச்ச துணின்னு யாராச்சும் சொல்லுவாங்களா, பாருங்க.

கொளஞ்சி: சலைன் பெட்டியில படி, பிரசவ வார்டுத் துணியில விரிப்பு. இப்புடி ஒரு கொலு விருத்தாசலத்துல வேற எங்க இருக்குது? ஊரே பொம்ம செய்யிற ஊரு. ஆனா தன்னோட பொம்மயத் தானே வெச்சுக் கும்புடுற ஆபீஸு நம்மளுதுதான்.

பூங்கோதை: அதுலயும் எல்லாருக்கும் ஒரே மூஞ்சி.

கொளஞ்சி: பொம்பளைக்கு ஒரு அச்சு, ஆம்பளைக்கு ஒரு அச்சு. பொம்ம செய்யிற பாவாட அண்ணன் வேற என்னா பண்ணுவாரு? எனக்கு இருக்குற தொப்பைய அச்சுல கொண்டாற முடியாதுன்னு, மீசைய ஒரு சுத்து கூட முறுக்கி வுட்டுட்டாரு.

பூங்கோதை: உங்களுக்குத்தான் மீசையே இல்லியே.

கொளஞ்சி: பொம்மைக்கு இருக்குது. அது போதும். இந்தாங்க, வெண்பா டாக்டரு. மேல்படி.

பூங்கோதை: குடுங்க. புதுப் பொம்ம, என்னமா மின்னுது... அடுத்து யாரு?

கொளஞ்சி: சீட்டு எழுதுற ஆண்டாளு. கண்ணாடி போட்டது. அப்பறம் லேபு திருமாலு, கையில ரத்தம் எடுக்குற குழாயோட. இது நீங்க.

பூங்கோதை: என்ன ரெண்டாம் படியில வெக்கிறேன். உங்க எடம் வழக்கம்போல பில்லருக்குப் பக்கத்துல.

கொளஞ்சி: கொஞ்சம் தள்ளி வைங்க. பக்கத்துல எடம் இருக்கட்டும்.

பூங்கோதை: எதுக்கு?

கொளஞ்சி: சும்மா... காத்தோட்டமா. ஆமா, நீங்க மட்டும் உங்க பொம்மைக்குப் பக்கத்துல ஏன் ஒரு ஆளு நிக்கிற அளவுக்கு எடம் வுட்டீங்க?

பூங்கோதை: அதுவா... எனக்கும் காத்தோட்டம் வேணாமா?

கொளஞ்சி: ம்ம். வீராயி எங்க?

பூங்கோதை: உள்ள வார்டு கழுவுது. நல்லூரு பொண்ணுக்குக் காலையில பொறந்துச்சே, அந்த எடம்தான்.

கொளஞ்சி: பேசுதா?

பூங்கோதை: பேசுது. ஆனா பழைய சத்தம் இல்ல. முன்னெல்லாம் வார்டுல கொழந்த அழுவுறதுக்கு முன்னாடி வீராயிக்கா குரல்தான் வெளியில கேக்கும். இப்ப கேட்டதுக்கு ஒரு வார்த்த, அப்பறம் வாளியத் தூக்கிக்கிட்டுப் போயிடுது.

கொளஞ்சி: போறது நெசந்தானா?

பூங்கோதை: நெசந்தான்னு ஆண்டாளு சொல்றாங்க. கடலூரு ரோட்டுல புதுசா தொறந்திருக்காங்களே, அந்தப் பிரைவேட் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காங்களாம். பூச முடிஞ்ச கையோட.

கொளஞ்சி: சான்று குடுக்க ஆஸ்பத்திரியத் தரம் பாக்க ஒரு குழு வந்துதே, அந்த நாளுலேருந்துதான் இப்புடி.

பூங்கோதை: அத ஞாபகப்படுத்தாதீங்கண்ணே.

கொளஞ்சி: எப்புடி மறக்குறது? குழு உள்ள நொழைஞ்சதும் நமக்கெல்லாம் கையும் ஓடல, காலும் ஓடல. திருமாலுக்கு அவன் பேரே ஒரு நிமிசம் வாயில வரல. பிரசவ வார்டுக்குப் போனாங்க. சுத்திச் சுத்திப் பாத்தாங்க. அந்தப் பெரிய அம்மா குனிஞ்சு தரையத் தடவிப் பாத்துட்டு, 'இங்க எலயப் போட்டுச் சாப்புடலாம் போலருக்கே'ன்னாங்க. எனக்கு அப்புடியே நெஞ்சு நிமுந்துது. வாசல்ல மாப்போட நின்னுக்கிட்டு இருந்தவகிட்டப் போயி, 'எத்தன வருசமா இந்த ஆஸ்பத்திரியில வேல பாக்குறீங்க'ன்னு சிரிச்ச மொவத்தோடதான் கேட்டாங்க...

பூங்கோதை: 'நான் இந்த ஆஸ்பத்திரி ஆளு இல்லீங்க. கம்பெனி ஆளு.'

கொளஞ்சி: ஆமா.

பூங்கோதை: சொல்லிட்டு வுட்டுதா? திரும்பி நின்னு சட்ட முதுகக் காட்டுச்சு பாருங்க, ஆளு அனுப்புற அந்தக் காண்ட்ராக்ட் கம்பெனி பேர. ஏழு வருசம்ண்ணே. இங்க பொறந்த புள்ளைங்கள மொதல்ல பாக்குறது நானு, ரெண்டாவது பாக்குறது வீராயிக்கா. மூணாவதுதான் பெத்தவ.

கொளஞ்சி: அவ ஒண்ணும் கோவமாச் சொல்லல. கேட்டாங்க, உள்ளதச் சொன்னா. அதுதான் எனக்கு இன்னும் சுருக்குன்னு இருந்துது.

பூங்கோதை: சான்று வந்துடுச்சு. கண்ணாடி போட்டு மாட்டியும் ஆச்சு. தெனமும் காலையில அதத் தொடைக்கிறதும் வீராயிக்காதான். தொடச்சுட்டு, ஏதோ அடுத்த வூட்டுப் பாத்திரத்தக் கவுத்து வெக்கிற மாதிரி போயிடுது.

கொளஞ்சி: அந்த நல்லூரு பொண்ணோட மாமியா என்னக் கேட்டுது, 'அந்த ரெண்டு பக்கமும் மூக்குத்தி போட்ட அம்மாதான இங்க பெரிய நர்ஸு'ன்னு.

பூங்கோதை: நீங்க என்னா சொன்னீங்க?

கொளஞ்சி: ஆமான்னேன்.

பூங்கோதை: அப்ப நானு?

கொளஞ்சி: நீங்க சின்ன நர்ஸு.

பூங்கோதை: நல்லாத்தான் இருக்குது... அண்ணே, ஒண்ணு கேக்குறேன். ஆர்டரு வாங்கி ஜாயின் பண்ணவங்களுக்கு மட்டுந்தான் பொம்மன்னு யாரு சட்டம் போட்டது?

கொளஞ்சி: யாரும் போடல. நீங்க வர்றதுக்கு முந்தி நடந்த கத. பாவாட அண்ணன் மவளுக்கு இங்கதான் பிரசவம். புள்ள பொறந்து அழுவல. உள்ள ராஜம்மாள் சிஸ்டரு போராடுறாங்க. வெளியில இவரு மண்ணு அப்புன கையோட நிக்கிறாரு. பட்டறையிலேருந்து அப்புடியே ஓடியாந்த மனுசன். அப்பறம் வீல்னு ஒரு சத்தம் பாருங்க... தெருவுக்கே கேட்டுது. அவரு அப்புடியே தரையில ஒக்காந்துட்டாரு. அந்த வருசம் ஆயுத பூசைக்கு ஒரு கூட நெறய வைக்கோலப் போட்டு, நமக்கெல்லாம் ஆளுக்கு ஒரு பொம்ம கொண்டாந்து எறக்குனாரு. 'சாமிய வெச்சுத்தான் கொலு வெக்கிறோம், உங்கள வெச்சா என்னா'ன்னாரு.

பூங்கோதை: அப்ப வீராயிக்கா வரலியா?

கொளஞ்சி: வரல. அதுக்கப்பறம் புதுசா யாரு ஜாயின் பண்ணாலும் நான் பட்டறையில போயி ஒரு வார்த்த சொல்லிடுவேன். மாத்தலாயிப் போறவங்க பொம்மையக் கையோட கொண்டு போவாங்க. ராஜம்மாள் சிஸ்டரு ஸ்ரீமுஷ்ணத்துக்குப் போறப்ப, மடியில வெச்சுக்கிட்டுத்தான் பஸ்ஸு ஏறுனாங்க. வீராயி ஜாயின் பண்ணல. ஒரு நாளு கம்பெனி வண்டியில வந்து எறங்குனா, அன்னைக்கே வாளியத் தூக்குனா. யாருக்கும் தோணல, அவ்வளவுதான்.

பூங்கோதை: வருசா வருசம் இந்தப் பொம்மைங்களத் தொடச்சு எடுத்துக் குடுக்குறதே அதுதான். இது டாக்டரு, இது சாருன்னு பேரு சொல்லிச் சொல்லி...

கொளஞ்சி: போதும் வுடுங்க. சீரியல் லைட்டுப் போடணும். பிளக்கு உங்க அலமாரியிலதான இருக்குது? நான் எடுத்து...

பூங்கோதை: அலமாரியத் தொடாதீங்க.

கொளஞ்சி: ஏன்?

பூங்கோதை: அதுல... ஸ்டெரைல் பண்ண துணி இருக்குது.

கொளஞ்சி: ஸ்டெரைல் பண்ண துணிக்குள்ளேருந்து வைக்கோலு நீட்டிக்கிட்டு இருக்குதே.

பூங்கோதை: அண்ணே, வேணாம்... மெதுவா. கீழ போட்டுடாதீங்க.

கொளஞ்சி: பாவாட அண்ணன் பட்டறைப் பொட்டலம். வைக்கோலு கட்டியிருக்குறதுலயே தெரியுதே. பிரிக்கட்டுமா?

பூங்கோதை: பிரிச்சாச்சு, அப்பறம் என்னா கேள்வி?

கொளஞ்சி: இருங்க, வெளிச்சத்துல வெச்சுப் பாக்குறேன்.

பூங்கோதை: என்னாண்ணே? நல்லா இல்லியா?

கொளஞ்சி: நீலச் சட்ட. ரெண்டு பக்கமும் மூக்குத்தி. கையில புள்ள.

பூங்கோதை: வீராயிக்காதான். நான்தான் செய்யச் சொன்னேன். பூசையப்ப திடீர்னு வெக்கலாம்னு. போறதா இருந்தாலும் பொம்மையோட போவட்டும்ண்ணே. ராஜம்மாள் சிஸ்டரு போன மாதிரி. ஏன் சிரிக்கிறீங்க?

கொளஞ்சி: அந்தப் பொரிப் பையக் கொண்டாங்க.

பூங்கோதை: இருங்க... அட. அட, அண்ணே...

கொளஞ்சி: பையி கிழிஞ்சுடப் போவுது, மெதுவா.

பூங்கோதை: நீங்களுமா?

கொளஞ்சி: எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே அந்த மனுசன். நான் போனப்ப, 'யாருக்கும் தெரியக்கூடாதுண்ணே'ன்னு சத்தியம் வாங்கிக்கிட்டு வந்தேன்.

பூங்கோதை: நானுந்தான் வாங்குனேன். ரெண்டு சத்தியத்தையும் ஒழுங்காக் காப்பாத்திட்டாரு.

கொளஞ்சி: ஒண்ணுதான வெக்க முடியும்? என்னோடத வெச்சுடுவோம். பளிச்சுன்னு இருக்குது.

பூங்கோதை: பளிச்சுன்னு இருக்குது சரி, கையில என்னா அது?

கொளஞ்சி: மாப்பு.

பூங்கோதை: பொம்மையிலயுமா மாப்பு புடிக்கணும்?

கொளஞ்சி: ஏன், திருமாலு குழாயப் புடிக்கல? அவன் வேல அது, இவ வேல இது. அந்த மாப்பால வாங்குன சான்றுதான சொவத்துல தொங்குது? இதுல என்னா கொறச்சல்? நான் பெருமையாத்தான் குடுக்கச் சொன்னேன்.

பூங்கோதை: கொறச்சல்னு சொல்லல. ஆனா அதுக்குப் புள்ளதான் பொருத்தம். ராத்திரி பகலா எத்தன புள்ளைய ஏந்தியிருக்குது அந்தக் கையி.

கொளஞ்சி: புள்ளைய வெச்சா பாக்குறவங்க தாய்னு நெனப்பாங்க, ஊழியர்னு நெனைக்க மாட்டாங்க. நான் சொல்றது...

பூங்கோதை: பாதி நேரம் இங்க ரெண்டும் ஒண்ணுதாண்ணே. சரி, டாக்டரு வந்து சொல்லட்டும். இங்க பக்கத்துல மங்களூரு கிராமத்துல மருத்துவ முகாம் முடிச்சுட்டு பூசைக்குள்ள வந்துடுறேன்னாங்க. ஐயோ, டாக்டருன்னதும்தான் ஞாபகம் வருது...

கொளஞ்சி: என்னா?

பூங்கோதை: கெளம்பும்போது சொன்னாங்க. 'மேச இழுப்பறையில ஒரு பொட்டலம் இருக்குது சிஸ்டர், பூசைக்கு முன்னாடி எடுத்து வெச்சுடுங்க, யாருகிட்டயும் சொல்லாதீங்க'ன்னு. சாம்பிராணின்னு நெனச்சேன். இருங்க, எடுத்தாறேன்.

கொளஞ்சி: சாம்பிராணிய எதுக்கு யாருகிட்டயும் சொல்லக் கூடாது...

பூங்கோதை: அண்ணே.

கொளஞ்சி: சொல்லாதீங்க. வைக்கோலு.

பூங்கோதை: வைக்கோலு.

கொளஞ்சி: வந்து ஆறு மாசங்கூட ஆவல அந்தப் பொண்ணு. 'இந்த ஊரு வெயிலு, இந்த ஊரு தண்ணி'ன்னு மூக்கால அழுதுக்கிட்டு இருக்குதேன்னு நெனச்சேன். அதுக்கு எப்புடித் தெரிஞ்சுது?

பூங்கோதை: அதுவுந்தான் அன்னைக்கு வார்டுல நின்னுது, முதுகப் பாத்துது... இந்தப் பொம்ம கையில ஒண்ணும் இல்லண்ணே. வெறுங்கை.

கொளஞ்சி: திருப்புங்க. முதுகுல ஏதோ எழுத்து இருக்குது.

பூங்கோதை: நம்ம ஆஸ்பத்திரி பேரு.

கொளஞ்சி: குடுங்க... பெயிண்டு இல்ல இது. ஈர மண்ணுலயே கீறிச் சூளயில வெச்சிருக்காரு. அழியாது.

பூங்கோதை: இப்புடிக் குடுங்க, நானும் தடவிப் பாக்குறேன்.

கொளஞ்சி: நம்ம ரெண்டு பேரும் கையில என்னா குடுக்குறதுன்னு பாத்தோம். அந்தப் பொண்ணு முதுகப் பாத்துருக்குது.

பூங்கோதை: பொம்மையில பேர மாத்திட்டா சம்பளச் சீட்டுல மாறிடுமாண்ணே?

கொளஞ்சி: மாறாது. அதுக்கு மேலிடத்துக்கு எழுதியிருக்காங்க டாக்டரு. மேல உள்ளவங்க என்னைக்குப் பாப்பாங்களோ. ஆனா படி நம்மளுது. அதுல யார வெக்கிறதுன்னு எவனும் நம்மளக் கேக்க முடியாது.

பூங்கோதை: வாளிச் சத்தம். வருது, வருது... மூணையும் துணிக்கு அடியில தள்ளுங்க.

கொளஞ்சி: எந்தப் படியில?

பூங்கோதை: எந்தப் படியிலயாவது. சீக்கிரம்...

வீராயி: என்னா சார், ரெண்டு பேரும் கொலுவுக்கு முன்னாடி மறிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?

கொளஞ்சி: ஒண்ணும் இல்ல வீராயி. அழகு பாக்குறோம்.

வீராயி: அந்தக் கீழ்ப்படி ஏன் வயித்துப் புள்ளக்காரி மாதிரி மேடா இருக்குது?

பூங்கோதை: பெட்டி சரியில்லக்கா. நீ அந்தக் கூடைய வெச்சுட்டுப் போயி கைகாலு கழுவிட்டு வா.

வீராயி: கழுவியாச்சு. நல்லூரு பொண்ணு நல்லா தூங்குது, புள்ளையும் பால் குடிச்சுது. பொம்மயெல்லாம் வெச்சுட்டீங்களா? இந்த வருசம் எனக்குத் தொடைக்கக் கூட குடுக்கல.

பூங்கோதை: உனக்கு எதுக்கு செரமம்னுதான்...

வீராயி: சிஸ்டர், உங்களுக்குப் பொய்யி சொல்லத் தெரியாது. இடுப்பு வலியில வந்த பொண்ணுகிட்ட 'இன்னும் கொஞ்ச நேரந்தாம்மா'ன்னு சொல்லுவீங்களே, அது ஒண்ணுதான் உங்களுக்கு வர்ற பொய்யி. அதையும் யாரும் நம்புறதில்ல.

கொளஞ்சி: வீராயி, நாங்க ஒரு விசயம் சொல்லணும். நீ போறேன்னு கேள்விப்பட்டோம்...

வீராயி: நான் மொதல்ல சொல்லிடுறேன் சார். அந்தக் குழு வந்துட்டுப் போன வாரம் நான் பாவாட அண்ணன் பட்டறைக்குப் போனேன்.

பூங்கோதை: எதுக்கு?

வீராயி: அன்னைக்கு அந்த அம்மா கேட்டதுக்கு டக்குனு சொல்லிட்டேன், கம்பெனி ஆளுன்னு. வூட்டுக்குப் போயி சோத்துல கைய வெச்சா எறங்கல. நானா சொன்னேன் அதன்னு இருந்துது. இந்த வார்டுல ஒரு சொவரு, ஒரு மூல எனக்குத் தெரியாம இருக்குதா? இத்தன வருசமா உங்க எல்லாரு மூஞ்சியையும் தொடச்சு வெச்சவ, இங்கேருந்து போறதுக்கு முன்னாடி ஒரு தடவ என்ன நானே அந்தப் படியில வெச்சுட்டுப் போயிடுறதுன்னு முடிவு பண்ணேன். யாருகிட்டயும் கேக்கக் கூடாதுன்னும் முடிவு பண்ணேன்.

கொளஞ்சி: உனக்கு நீயே செய்யச் சொன்னியா?

வீராயி: ஏன் சார், செய்யக் கூடாதா?

கொளஞ்சி: நான் எங்கம்மா கூடாதுன்னேன்... மேல சொல்லு.

வீராயி: பாவாட அண்ணன் அச்ச எடுத்தாரு. நிக்கிற அச்சு. வேணாம்ண்ணே, எனக்கு ஒக்காந்த மாதிரி வேணும்னேன். அப்புடி அச்சு இல்லியேன்னாரு. அப்ப கையால செய்யுங்கன்னேன். ஏழு வருசமா நின்னுக்கிட்டே இருக்கேன், பொம்மையாவது ஒக்காரட்டுமேன்னேன். அவரு மண்ண எடுத்தாரு. என் மூஞ்சிய ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாரு, ஒரு பைசாவும் வேணாம்னுட்டாரு.

பூங்கோதை: அக்கா...

வீராயி: முந்தாநேத்து அத வாங்கப் போனேன். பலகையில வேற மூணு பொம்ம பெயிண்டு காஞ்சுக்கிட்டு நிக்குது. மூணுக்கும் நீலச் சட்ட. மூணுக்கும் ரெண்டு பக்கமும் மூக்குத்தி. யாருண்ணே இதெல்லாம்னு கேட்டா, அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு இருமுறாரு மனுசன். நானே திருப்பித் திருப்பிப் பாத்தேன். மாப்பு புடிச்சவள யாரு செய்யச் சொல்லியிருப்பாங்கன்னு தெரிஞ்சுது. புள்ளைய ஏந்துனவளும் யாருதுன்னு தெரிஞ்சுது.

கொளஞ்சி: மூணாவது?

வீராயி: அது, எனக்காக மேலிடத்துக்கு எழுதுன அந்த டாக்டரு பொண்ணு செய்யச் சொன்னதுன்னு மொதல்ல நான் நெனைக்கவே இல்ல சார். முதுகத் தடவிப் பாத்தேன். எனக்குப் படிக்க எழுத்துக் கூட்டித்தான் வரும். கூட்டிக் கூட்டிப் படிச்சேன். ரெண்டு தடவ படிச்சேன்.

பூங்கோதை: எல்லாந்தெரிஞ்சும் ரெண்டு நாளா வாயத் தொறக்கலியே நீ. நாங்க இங்க தவிச்சுக்கிட்டுக் கெடக்குறோம், நீ எங்களுக்கு மேல கள்ளியா இருக்கியே. அந்தக் கூடையில இருக்குறது...

வீராயி: அவதான்.

கொளஞ்சி: அப்ப பூச முடிஞ்சதும் அவளத் தூக்கிக்கிட்டுப் போயிடுவியா? கடலூரு ரோட்டுக்கு?

வீராயி: அங்க நேத்தே வரலன்னு சொல்லிட்டேன் சார். நவுருங்க... அந்தத் துணிக்கு அடியில மூச்சு முட்டிக்கிட்டுக் கெடக்குற உங்க மூணு வீராயியையும் வெளிய எடுத்துக் கொஞ்சம் தள்ளி நிக்க வையுங்க, இவளுக்கு ஒக்கார எடம் வேணும்.